மைனஸ் எண்பது ஃப்ரீசர் மதியம் −68, விடியற்காலை −77: கம்ப்ரஸர் போய்விட்டதா?

கேள்வி, 6 மே 2024, மதியம்

தாம்பரம் பக்கம் ஒரு காலேஜ் லேப். நிற்கும் மாடல் மைனஸ் எண்பது ஃப்ரீசர், வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. செட் பண்ணியிருப்பது −80 டிகிரி செல்சியஸ். போன வாரத்திலிருந்து மதியம் −68-ஐத் தாண்டி இறங்க மாட்டேன் என்கிறது. விடியற்காலையில் வாட்ச்மேன் பார்த்துச் சொன்னது −77. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, "கேஸ் லீக், ரெண்டாவது கம்ப்ரஸரை மாத்தணும்" என்று எஸ்டிமேட் அனுப்பியிருக்கிறார். புதுப் பெட்டி விலையில் பாதி. ரூமில் ஏ.சி. கிடையாது, ஜன்னல் மேற்குப் பக்கம், இரண்டு −20 ஃப்ரீசரும் அங்கேயே ஓடுகின்றன. உள்ளே எங்கள் லேப்பில் எல்லோரும் சேகரித்த ஆர்.என்.ஏ. சாம்பிள்களும் நோயாளி சீரம் பெட்டிகளும் இருக்கின்றன. அணைத்துவிட்டு எல்லாவற்றையும் வேறெங்காவது மாற்றுவதா, அப்படியே விடுவதா?

6 மே, இரவு

அணைக்காதீங்க. எஸ்டிமேட்டுக்கும் இன்னும் ஓகே சொல்லாதீங்க.

நீங்க எழுதியதிலேயே பாதி விடை இருக்கு. மதியம் −68, விடியற்காலை −77. லீக் பெரிசா இருந்தா பெட்டி பகல் ராத்திரி பார்க்காது, நாளுக்கு நாள் மேலே ஏறிக்கிட்டே போகும். உங்க பெட்டி வெயிலோடு சேர்ந்து ஏறி வெயிலோடு சேர்ந்து இறங்குது. கத்திரி வெயில், மேற்கு ஜன்னல், ஏ.சி. இல்லாத ரூம். சூட்டை வெளியே தள்ள முடியாம திணறுது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

இந்தப் பெட்டிக்குள் இரண்டு குளிர்சாதனச் சுற்று இருக்கு. முதல் சுற்று வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரிதான், சுமார் −40 வரைக்கும் கொண்டுபோகும். ரெண்டாவது சுற்று தன் சூட்டை ரூமுக்குத் தள்ளாது, முதல் சுற்றிடம் தள்ளும். அந்த உதவி கிடைச்சாதான் அது −80-க்கு இறங்கும். புது மாடல்களில் முதல் சுற்றில் புரொப்பேன், கொதிநிலை −42. ரெண்டாவதில் ஈத்தேன், கொதிநிலை −88.6. உங்க வயசுப் பெட்டியில் அநேகமா ஆர்-404ஏ, ஆர்-508பி இருக்கும், பின்னாடி தகட்டைப் பாருங்க. எந்த கேஸா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான்: முதல் சுற்று ரூமுக்குச் சூட்டைத் தள்ள முடியலைன்னா ரெண்டாவதும் முடங்கிப் போகும். பழி மட்டும் ரெண்டாவது கம்ப்ரஸர் மேல விழும்.

நாளைக்குக் காலையில் செய்ய வேண்டியது: கீழே முன்பக்கக் கிரில்லைத் திறங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கும். வெளியே எடுத்து, குழாய்த் தண்ணியில் கழுவி, நிழலில் நல்லாக் காயவைத்து மாட்டுங்க. ஈரத்தோடு மாட்டக் கூடாது. அதுக்குப் பின்னாடி சூட்டை ரூமுக்குத் தள்ளும் கண்டென்சர் தகடுகள். டார்ச் அடிச்சுப் பாருங்க.

7 மே

டார்ச் அடித்தால் என்ன தெரியும் என்று எழுதாமல் விட்டேன். நம்ம ஊர் லேப்களில் அந்தத் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று படிந்திருக்கும். தூசு, தலைமுடி, லேப் கோட்டிலிருந்து உதிரும் பஞ்சு, கீழ்வரிசையில் செத்த கரப்பான். கடல் பக்கத்துக் கட்டிடமா இருந்தால் அலுமினியத் தகட்டின் ஓரம் வெள்ளை வெள்ளையாப் பொடிந்திருக்கும், உப்புக்காற்று வேலை. மெல்லிய பிரஷ்ஷால் தகடு போகும் திசையில் மேலிருந்து கீழாக இழுங்க, கூடவே வேக்கம் கிளீனரைப் பிடிங்க. குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும், அப்புறம் காற்று போகாது.

முடித்த பிறகு கிரில் முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடிங்க. ஃபேன் ஒழுங்காக இழுத்தால் பேப்பர் கிரில்லில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வழுக்கி விழுந்தால் அடைப்பு இன்னும் இருக்கு, அல்லது ஃபேன் போயிருக்கு. ஃபேன் மோட்டார் மாற்றுவது கம்ப்ரஸர் மாற்றுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்கணும். முதல் சுற்றில் கேஸ் கொஞ்சம் குறைந்திருந்தாலும் வெயில் நேரத்தில்தான் முதலில் தெரியும். அதனால் சர்வீஸ் ஆள் சொன்னது அடிப்படையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். ஃபில்டர் கழுவி, ரூமைக் குளிரவைத்து, அப்புறமும் −75-க்குக் கீழே போகவில்லை என்றால் அவரைத் திரும்பக் கூப்பிடுங்க. ஆனால் ஃபில்டரையே திறக்காமல் கம்ப்ரஸர் எஸ்டிமேட் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்று, தெரு முனை ஏ.சி. மெக்கானிக்கை வைத்து இதில் கேஸ் நிரப்பாதீங்க. ரெண்டாவது சுற்றில் கிராம் கணக்கில் எடை போட்டுத்தான் நிரப்பணும், மீட்டர் முள்ளைப் பார்த்து ஏற்றினால் பெட்டி கெட்டுப்போகும். புது மாடல் என்றால் உள்ளே இருப்பது எரியும் வாயு.

8 மே

ரூம் கணக்கு. பழைய பெட்டி ஒன்று நாளைக்கு 20 யூனிட் சாப்பிடுவது சாதாரணம். அந்த 20 யூனிட்டும் கடைசியில் சூடாக அதே ரூமில்தான் இறங்கும். 24 மணி நேரத்தால் வகுத்தால் சுமார் 830 வாட், ராத்திரி பகலாக. ஒரு டன் ஏ.சி. தள்ளக்கூடிய சூடு சுமார் 3,500 வாட். ஆக நாலு பழைய ஃப்ரீசர் இருந்தால் ஒரு டன் ஏ.சி. அவற்றுக்கு மட்டுமே சரியாகப் போகும். சுவர் வழியா வரும் வெயில், உள்ளே நிற்கும் ஆட்கள், −20 பெட்டிகள் எல்லாம் தனி.

பெரும்பாலான பெட்டிகளுக்கு ரூம் வெப்பம் 30, 32 வரைக்கும்தான் உத்தரவாதம் உண்டு. மே மாதச் சென்னையில் மூடின ரூம் அதைக் காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். ஏ.சி. போட்டால் இரண்டாகப் போட்டு டைமரில் மாற்றி மாற்றி ஓடவிடுங்க. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏ.சி.யை அணைக்கிற வழக்கம் இந்த ரூமுக்கு ஆகாது. கரண்ட் பில்லைக் காட்டி யாராவது கேட்டால் சீரம் பெட்டி ஒன்றைத் திரும்பச் சேகரிக்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்க.

சுவரிலிருந்து 15 செ.மீ. இடைவெளி. பெட்டி தலையில் அட்டைப் பெட்டி அடுக்காதீங்க.

கேட்டவர், 10 மே

ஃபில்டர் கழுவினோம். நீங்க சொன்ன கம்பளி அப்படியே இருந்தது. அன்றைக்கு மதியமே −74. நேற்று ஏ.சி. இருக்கும் இன்ஸ்ட்ரூமென்ட் ரூமுக்குத் தள்ளிப்போனோம், இப்போது −80-ல் நிற்கிறது. ஆனால் ஒரு தடவை திறந்து மூடினால் உடனே மறுபடி திறக்க முடியவில்லை. இரண்டு பேர் இழுத்தும் வரவில்லை. பூட்டு கெட்டுவிட்டதா?

10 மே, சாயங்காலம்

பூட்டு நல்லாத்தான் இருக்கு. இழுக்காதீங்க.

கதவைத் திறந்தபோது உள்ளே போன ரூம் காற்று, மூடினதும் குளிர்ந்து சுருங்குது. 30 டிகிரியிலிருந்து −80-க்குப் போனால் காற்றின் கன அளவு மூன்றில் ஒரு பங்கு குறையும். கதவு இறுக மூடியிருப்பதால் உள்ளே அழுத்தம் இறங்குது. ஒரு சதவீதம் இறங்கினால் போதும், ஒரு சதுர மீட்டர் கதவு மேல் வெளிக்காற்று நூறு கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். ரெண்டு பேர் இல்லை, நாலு பேர் இழுத்தாலும் கைப்பிடிதான் கழன்று வரும்.

இதுக்காகவே கதவில் சின்னதா ஒரு காற்றுத் துளை வைத்திருப்பாங்க, அது உறையாமல் இருக்கச் சுற்றி ஹீட்டர் கம்பியும் இருக்கும். நம்ம ஈரக்காற்றில் அந்தத் துளை ஐஸ் கட்டி அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் குச்சியால் வாரம் ஒருமுறை குத்தி விடுங்க. சில நிமிஷம் காத்திருந்தால் கதவு தானாகவே இளகிவிடும். சுவரில் கால் வைத்து இழுப்பது, ஸ்க்ரூ டிரைவரை கேஸ்கெட்டில் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை) நுழைத்து நெம்புவது, ரெண்டையும் கண்ணால் பார்த்திருக்கேன். கேஸ்கெட் கிழிந்தால் அந்தக் கிழிசல் வழியா ஈரம் நுழைந்து, ஐஸ் தடித்து, கதவு சரியா மூடாமல், கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும்.

உட்சுவரில் ஐஸ் படிந்தால் மரச் சுரண்டியோ பிளாஸ்டிக் சுரண்டியோ மட்டும். கத்தி, உளி கூடாது. அந்தத் தகட்டுக்குப் பின்னாடி கேஸ் போகும் குழாய் இருக்கு. ஒரு ஓட்டை விழுந்தால் அந்தப் பெட்டியின் கதை முடிந்தது.

கைக்கு நல்ல கிரையோ க்ளவுஸ். மெல்லிய நைட்ரைல் க்ளவுஸ் மட்டும் போட்டுக்கொண்டு ரேக்கைப் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

24 மே

"−70-ல் வைத்தால் கரண்ட் மிச்சமாமே, சாம்பிளுக்கு ஆபத்தா?" என்று ஒருத்தர் கேட்டிருக்கார்.

கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கு. −80-லிருந்து −70-க்கு மாற்றினால் சுமார் 30 சதவீதம் மின்சாரம் குறையும். −80 என்பது இயற்கை வகுத்த எல்லை இல்லை. கம்பெனிகள் அவ்வளவு இறங்கும் பெட்டி செய்தன, லேப்கள் அதையே வழக்கமாக்கிக்கொண்டன. தண்ணீர் கண்ணாடி நிலைக்குப் போய் மூலக்கூறு அசைவு நிற்பது −135 வாக்கில். அதுக்கு −70-ம் தூரம், −80-ம் தூரம். உயிருள்ள செல்களை வருஷக்கணக்கில் வைக்கணும் என்றால் திரவ நைட்ரஜன்தான் வழி. டி.என்.ஏ.வுக்கு −20 போதும், அதைக் கொண்டுபோய் மைனஸ் எண்பதில் அடைப்பது இடத்துக்குப் பிடித்த கேடு.

நம்ம ஊருக்கு இதில் இன்னொரு லாபம். −70-ல் கம்ப்ரஸர் மூச்சுவிட இடம் கிடைக்கும். மே மாதத்தில் அந்தப் பத்து டிகிரி பெட்டியின் ஆயுசைக் கூட்டும் என்று நம்புகிறேன்.

2 ஜூன்

மேலே எழுதியது எல்லோருக்கும் பொருந்தாது, யோசித்ததில் இரண்டு விஷயம். மருந்துச் சோதனை சாம்பிள் வைத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தில் "−80" என்று எழுதியிருந்தால் அதைத் தொடக் கூடாது. அடுத்தது, கரண்ட் போனால் −70-லிருந்து கிளம்பும் பெட்டி −50-ஐ முன்னதாகத் தொட்டுவிடும். ஜெனரேட்டர் நம்பிக்கையில்லாத இடத்தில் அந்தப் பத்து டிகிரி கையிருப்பு. பேக்கப் சரியா இருக்கும் லேப் −70-க்குப் போகலாம். மற்றவர்கள் முதலில் பேக்கப்பைச் சரிசெய்யட்டும். அலாரம் எல்லையையும் கூடவே மாற்ற மறக்காதீங்க.

15 ஜூன்

வோல்டேஜ். சாயங்காலம் ஊரே ஏ.சி. போடும்போது லைன் இறங்குது. கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். லோ வோல்டேஜில் கிளம்ப முடியாமல் முனகி, டிரிப் ஆகி, சூடாகி, மறுபடி முயன்று, இப்படித்தான் மோட்டார் சுருள் எரியுது. சர்வோ ஸ்டெபிலைசர் போடுங்க, கரண்ட் வந்து மூன்று நாலு நிமிஷம் கழித்து விடும் டைம் டிலே அதில் இருக்கணும். கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.சில் மாட்டாதீங்க. எக்ஸ்டென்ஷன் போர்டு கூடவே கூடாது. ஒரு பெட்டிக்கு ஒரு 16 ஆம்ப் பிளக், தனி எம்.சி.பி.

ஆறு பெட்டி இருந்தால் ஆறுக்கும் வெவ்வேறு டிலே வையுங்க. எல்லாம் ஒரே நொடியில் கிளம்பினால் ஜெனரேட்டரே உட்கார்ந்துவிடும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பொங்கல் லீவில் கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் ஒழுங்கா ஸ்டார்ட் ஆச்சு, வராண்டா லைட் எல்லாம் எரிந்தது, வாட்ச்மேனும் நிம்மதியா இருந்தார். ஃப்ரீசர் ரூம் லைன் மட்டும் ஜெனரேட்டர் பக்கம் சேர்க்கப்படவே இல்லை. சுவரைப் பூசும்போது கான்ட்ராக்டர் ஆட்கள் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். காணும் பொங்கல் கழித்துக் கதவைத் திறந்த பெண் அழுததை நான் மறக்கவில்லை. மூன்று வருஷமாகக் கிராமம் கிராமமாகப் போய் எடுத்த ரத்தம் அவளுடையது. அதற்குப் பிறகு மெயினை இறக்கி, ஜெனரேட்டரில் பெட்டி ஓடுதா என்று கண்ணால் பார்ப்பதை மாதம் ஒருமுறை கட்டாயம் ஆக்கினோம். காகிதத்தில் டிக் அடிப்பதை நான் நம்புவதில்லை.

19 ஜூன்

அலாரம் பற்றிக் கேட்டவங்களுக்கு.

நியூயார்க் மாநிலத்தில் ரென்சலேர் பாலிடெக்னிக் இன்ஸ்டிடியூட் லேப்பில் 2020 செப்டம்பரில் மைனஸ் எண்பது பெட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. சத்தம் தாங்காமல் சுத்தம் செய்ய வந்தவர் பிரேக்கரையே இறக்கிவிட்டார். பல வருஷ ஆய்வு போச்சு, பத்து லட்சம் டாலருக்கு மேல் கேட்டு வழக்கு. கதவில் நோட்டீஸ் ஒட்டித்தான் இருந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த மெக்லீன் மருத்துவமனையில் 2012-ல் ஆட்டிசம் ஆய்வுக்கான மூளைத் திசு வைத்திருந்த ஃப்ரீசர் நின்றுபோச்சு, வெளித்திரை −79 என்றே காட்டிக்கொண்டிருந்தது, அலாரமும் அடிக்கவில்லை.

முதல் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: நோட்டீஸ் தமிழில், பெரிய எழுத்தில், ராத்திரி டியூட்டி பார்ப்பவருக்காக இருக்கணும். "சத்தம் வந்தால் எதையும் அணைக்க வேண்டாம். இந்த மூன்று பேரில் ஒருவருக்குப் போன் செய்யவும்." பக்கத்தில் சத்தத்தை மட்டும் நிறுத்தும் பட்டனுக்குச் சிவப்புப் புள்ளி. ஆளை நேரில் அழைத்துக் காட்டுங்க. வாட்ச்மேன் அண்ணன் பெயரைச் சொல்லிப் பேசினால் அவர் உங்க பெட்டியைத் தன் பெட்டி மாதிரி பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது கதைக்கு: பெட்டியின் சென்சாரை மட்டும் நம்பாமல் தனியா ஒரு புரோப் உள்ளே போட்டு, போனுக்குச் செய்தி அனுப்பும் கருவியோடு இணைங்க. பல மாடல்களில் பின்னாடி வெளி அலாரத்துக்கு ரிலே முனை இருக்கு, லேப்களில் அதை யாரும் தொடுவதே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் ஜி.எஸ்.எம். டயலரை (சிம் கார்டு போட்டால் தானாகப் போன் செய்யும் கருவி) அதில் மாட்டி ஓட்டுகிற லேப்கள் இருக்கு.

அலாரத்துக்கு உள்ளே ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. இரண்டு மூன்று வருஷத்தில் செத்துவிடும். கரண்ட் போனால்தான் அது தேவை, கரண்ட் போகும்போதுதான் செத்தது தெரியவரும். மாற்றிய தேதியைக் கதவிலேயே எழுதி ஒட்டுங்க.

11 ஆகஸ்ட்

கதவு திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்க ஒரே வழி, எது எங்கே இருக்கு என்று திறப்பதற்கு முன்னாடியே தெரிந்திருப்பது. ரேக் வரைபடம் கதவில். பெட்டிப் பெயர் மார்க்கரில் எழுதினால் பனி பட்டு அழியும், குளிர் தாங்கும் லேபிள் வாங்குங்க. படித்து முடித்துப் போனவர்களின் பெட்டிகள்தான் பெரிய பிரச்சினை. யாருக்கும் தூக்கிப் போட மனசு வராது. லேப்பை விட்டுப் போகும்போது கையெழுத்து வாங்கும் நோ டியூஸ் படிவத்தில் ஃப்ரீசர் பட்டியலையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடச் சொல்லுங்க.

குளிரைப் பிடித்துவைக்கக் காலியான தட்டில் தண்ணீர் பாட்டில் வையுங்க, முக்கால் அளவு மட்டும் நிரப்பி. ஆனால் ஒன்றிரண்டாக, நாள் விட்டு நாள். மொத்தமா ரூம் சூட்டில் அடைத்தால் பெட்டி திணறிவிடும்.

20 அக்டோபர்

மழை வந்துவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, போன டிசம்பர் மிக்ஜாம். கரண்ட் நாள்கணக்கில் இல்லாமல் இருந்ததை இந்த ஊர் பார்த்திருக்கு. தரைத்தளத்தில் பெட்டி வைத்திருப்பவர்கள் இப்போதே மேலே ஏற்றுங்க. முடியாவிட்டால் பீடமாவது கட்டுங்க, கம்ப்ரஸர் கீழே இருக்கு.

காலிப் பெட்டியே, மூடியே இருந்தால், −80-லிருந்து −50-க்கு வரச் சுமார் நாலைந்து மணி நேரம் ஆகும், நிறைந்த பெட்டி இன்னும் அதிக நேரம் தாங்கும். "எவ்வளவு இருக்கு பார்ப்போம்" என்று திறந்தால் அந்த நேரம் உங்க கையைவிட்டுப் போகும்.

உலர்பனிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்க, புயல் அன்றைக்குக் கிடைக்காது. அது −78.5-ல் இருக்கும், நம்ம தேவைக்குச் சரியான குளிர். ஆனால் அது ஆவியாகி வருவது கார்பன் டை ஆக்சைடு. ஜன்னலை மூடிய காரில் ஏற்றி வராதீங்க, ஜன்னல் இல்லாத ரூமில் மூட்டை மூட்டையா அடுக்காதீங்க. மயக்கம் வருவதற்கு முன் எந்த வாசனையும் வராது.

எல்லாவற்றுக்கும் மேல்: ஒரே சாம்பிளை இரண்டாகப் பிரித்து இரண்டு கட்டிடத்தில் வையுங்க. கிண்டியில் ஒன்று, தரமணியில் ஒன்று. பேக்கப் ஏற்பாடு எத்தனை இருந்தாலும் நான் இதை விட மாட்டேன்.

கேட்டவர், 2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயலில் சனிக்கிழமை முழுக்க விட்டு விட்டுக் கரண்ட். ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. ராத்திரி ஒரு மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார், சத்தம் வருது, எதையும் தொடவில்லை என்றார். வந்து பார்த்தால் −66. ஸ்டெபிலைசர் டிரிப் ஆகியிருந்தது, ரீசெட் செய்ததும் இறங்கிவிட்டது. மேடம் இன்னொரு பெட்டிக்கு அனுமதி வாங்கியிருக்காங்க. பழசு ஒன்று விலைக்கு வருது, வாங்கலாமா?

2 டிசம்பர், இரவு

அந்த அண்ணனுக்கு மேடத்தை விட்டே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க.

பழசு வாங்கலாம், நாலு விஷயம் பார்த்துவிட்டு. அவர்கள் இடத்திலேயே ஓடவிட்டு, ரூம் வெப்பத்திலிருந்து −80-க்கு ராத்திரிக்குள் இறங்குதா பாருங்க. −75-ல் தொங்கி நின்றால் வேண்டாம். கதவு மூடும்போது கேஸ்கெட்டில் காகிதத் துண்டு வைத்து நாலு பக்கமும் இழுத்துப் பாருங்க, லேசாக வந்தால் அந்தப் பக்கம் ஈரம் நுழையும். வெளிச்சுவரைத் தடவிப் பாருங்க. ஏதாவது ஒரு இடம் மட்டும் சில்லென்று வியர்த்திருந்தால் உள்ளே இன்சுலேஷன் போயிருக்கு, அதைச் சரிசெய்ய முடியாது. கேஸ் பெயர் பாருங்க, பழைய கேஸ்கள் கிடைப்பது வரவரக் கஷ்டம்.

வண்டியில் நிற்கவைத்தே கொண்டுவாங்க. வந்ததும் 24 மணி நேரம் பிளக்கைத் தொடாதீங்க, கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்கணும். பிறகு காலிப் பெட்டியாகவே ஒரு வாரம் −80-ல் ஓடட்டும், மதியமும் விடியற்காலையும் எழுதிவையுங்க. அந்த இரண்டுக்கும் இடையில் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் சாம்பிளை ஏற்றாதீங்க, இங்கே வந்து எழுதுங்க.